தூண்டிற்கோலும் நூற்கண்டும்

தூண்டில் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், இறைச்சி இரை நிறைந்த தோற்பையைத் தோளிற் சுமந்து, நெடிய மூங்கிற் கழையில் நாண் பூட்டி மீன் பிடிக்கும் பாண்மகன் ஒருவனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். இரையைக் கவ்விய வாளை தப்பிவிட, வளைந்த இரும்பு முள் வெறிதே நிற்கிறது. கழை உண்டு, நாண் உண்டு, முள்ளும் உண்டு. நாணைச் சுற்றி வைக்கும் உருளை மட்டும் அங்கு இல்லை. அது இருந்திருப்பின் அந்த வாளை தப்பியிருக்குமா என்பது மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்க வினா.

அவ்வுருளையை முதன்முதல் ஓவியத்திற் காட்டியவர் சீனர். தென் சொங் காலத்து ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டளவில் தீட்டியதாகக் கூறப்படும் ஓவியம் ஒன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. குளிர்கால ஏரியிற் சிறு படகில் ஒருவன் தனித்திருக்கிறான். அவன் பிடித்த கோலில் ஓர் உருளை பொருந்தியிருக்கிறது. தமிழரும் சீனரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் பினாங்கில், ஒருவர் இலக்கியத்துத் தூண்டிலும் மற்றவர் ஓவியத்து உருளையும் ஒரே கடலோரத்திற் கூடுவது பொருத்தமே.

பழைய உருளையில் ஒரு குறை இருந்தது. நூலை வீசும்போது உருளையே சுழல வேண்டும். சிறிய இரைக்கு அதனைச் சுழற்றும் வலிமை இல்லை. வேகமாகச் சுழன்றாலோ நூல் சிக்குண்டு போகும். இதற்கு வழி கண்டவர் மீனவர் அல்லர். இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரத்து நெசவாலைச் செல்வர் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்பவர். ஆலையில் நூற்கண்டு அசையாது நிற்க, நூல் அதன் முனைவழியே நழுவிச் செல்வதை அவர் அறிந்தவர். அதே முறையைத் தூண்டிலுக்கு ஏற்றி 1905இல் காப்புரிமை பெற்றார். கண்டு நிலைத்து நின்றது. நூல் மட்டும் பறந்தது. மக்கள் இன்று ‘ஸ்பின்னிங் ரீல்’ என்று வழங்கும் கருவியின் பிறப்பு இதுவே. பட்டு, பருத்தி நூல்களுக்கு மாற்றாக நைலான் வந்தபின் அதற்கு நல்ல காலம் பிறந்தது.

அதன் பின்னர் இக்கருவியை வளர்த்தோர் யாவர் என்று நோக்கின் வியப்பே மிகும். பிரான்சில் மிட்செல் ரீலைச் செய்த கார்ப்பானோ-பொன்ஸ் நிறுவனம் கடிகாரத் தொழிலுக்குப் பேர்பெற்ற குளூஸ் நகரத்தது. சுவீடனின் ஆபு 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியது. அதே 1921இல் ஜப்பானின் சக்காய் நகரில் தொடங்கிய சிமானோ மிதிவண்டிப் பற்சக்கரம் செய்தது. 1970இல்தான் தூண்டிற் கருவிகளின் பக்கம் திரும்பியது. பல்லோடு பல் பிசகாது பொருந்துவதில் இத்தொழில்கள் யாவும் ஒன்றே. ரீலின் விலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இப்பற்களைப் பொறுத்தே அமைகிறது.

1786 முதல் தீர்வையில்லாத் துறைமுகமாயிருந்த பினாங்கு 1969இல் அவ்வுரிமையை இழந்தது. ஐரோப்பியப் பண்டமும் ஜப்பானியப் பண்டமும் ஒரே கடைத்தெருவில் விலை குறைந்து கிடைத்த காலம் முடிந்தது. 1972இல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை எழுந்தது. பொருளை வாங்கி விற்ற தீவு, பொருளைச் செய்யும் தீவாயிற்று. நாடு முழுதும் வீசிய காற்று அது. சிமானோவும் 1973இல் சிங்கப்பூரிலும், பின்னர் ஜொகூர் மாநிலத்துப் பொந்தியானிலும் ஆலை அமைத்தது. அதன் தலைசிறந்த ‘ஸ்டெல்லா’ ஜப்பானில் செய்யப்படுகிறது. எளிய விலை ரீல்கள் பலவும், இடைநிலையில் புகழ்பெற்ற ‘ஸ்டிராடிக்’கும் ‘மலேசியாவில் செய்யப்பட்டது’ என்னும் முத்திரையோடு உலகெங்கும் செல்கின்றன. உள்நாட்டுப் பண்டம் என்றதும் முகஞ்சுளிக்கும் நம்மவர் அம்முத்திரையை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

நூறு வெள்ளிக்குள்ளும் ஒரு ரீல் கிடைக்கிறது. ஸ்டெல்லாவின் பெரிய வகையோ மூவாயிரம் வெள்ளியைக் கடந்து நிற்கிறது. ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தையே விழுங்கவல்ல இவ்வேற்றுமை எதற்கு? உருண்டைத் தாங்கிகளின் எண்ணிக்கையைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பர். அது மயக்கும் கணக்கு. துருப்பிடிக்கும் பத்தினும் துருவேறா நான்கு மேல். உண்மையான வேற்றுமை மூன்றிடத்தில் உள்ளது. பற்சக்கரம் அழுத்தி வார்த்ததா, நுட்பமாகக் கடைந்ததா என்பது ஒன்று. பெருமீன் இழுக்கும்போது நூலை அறாது சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் ‘டிராக்’ தட்டுகள் கம்பளத்தாலானவையா, வெப்பந்தாங்கும் கரியிழையாலானவையா என்பது மற்றொன்று. உப்புநீர் உள்ளே புகாது அடைக்கப்பட்டதா என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் கடலோர நகரத்தார் முதலிற் கேட்க வேண்டியது இறுதியானதையே. உப்பு விலை பார்ப்பதில்லை.

வெல்ட் குவே படகுத்துறையிலோ பத்து மாவுங் கரையிலோ அமர்ந்து, மாலைப் பொழுதில் கெளுத்திக்காகக் காத்திருப்பவர்க்கு ஸ்டெல்லா வேண்டா. நூறு வெள்ளி ரீலே அவருக்குப் போதும். வீடு திரும்பியதும் நன்னீரில் மெல்லக் கழுவித் துடைத்து, ஒரு துளி எண்ணெய் இட்டால் அது பல்லாண்டு உழைக்கும். கழுவாது மூலையிற் சார்த்திய மூவாயிரம் வெள்ளி ரீலைவிட அது நீண்டு வாழ்ந்தாலும் வியப்பில்லை. படகேறி ஆழ்கடற்குச் சென்று பெருந் திருக்கையோடு அரைமணி நேரம் போராடுவோர் நிலை வேறு. அங்கே மலிவான டிராக் சூடேறி இறுகிவிடும், நூல் அறும், மீனும் போகும், செலவழித்த படகுக் கூலியும் போகும். ஆதலின் அவர் இடைநிலைக்கேனும் செல்வது செலவன்று, சிக்கனமே. அதற்கும் மேற்பட்ட விலை, வளமுடையார் தம் கைப்பிடியின் மென்மைக்காகக் கொடுப்பது.

கழையும் நாணும் மட்டுமே கொண்டு மீன் பிடித்த பாண்மகனின் வழித்தோன்றல்களும் பினாங்குக் கரையில் இல்லாமற் போகவில்லை. வெறுந்தகரக் குவளையில் நைலான் நூலைச் சுற்றி, ஈயக் குண்டைக் கையால் வீசி, சுட்டுவிரலில் நூலின் அதிர்வை உணர்ந்து மீன் பிடிப்போரை இன்றும் காணலாம். குவளை அசையாது நிற்க, நூல் அதன் முனைவழியே நழுவிப் பறக்கிறது. இல்லிங்வொர்த் காப்புரிமை பெற்ற முறையும் அதுதான்.