மூதூரில் பிடிபட்டவரின் மூன்று புத்தகங்கள்

"விசுவாசம் உறுதிப்பட, அன்றாட வாழ்க்கைக்கும் உதவுற மாதிரி நல்ல கிறிஸ்தவப் புத்தகம் நாலைந்து சொல்லுங்கோ." இப்படி எங்களிடம் கேட்கும் நண்பர்கள் உண்டு. பட்டியல் தருவது பெரிய வேலை இல்லை. பத்துப் பெயர் எழுதலாம், இருபதும் எழுதலாம். ஆனால் எங்கள் திருகோணமலைக் குடாவிலேயே தொடங்கிய ஒரு பழைய பட்டியல் இருக்கிறது. அதில் மூன்றே மூன்று புத்தகங்கள்தான். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தன் இளமை முழுவதையும் சிறைப்பட்ட நாட்டில் கழித்தார். பட்டியல் போடுவதற்கு முதல் அந்தக் கதையைப் பார்ப்போம்.

1659 நவம்பர் 19. மசூலிப்பட்டினத்தில் நங்கூரமிட்டிருந்த 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் புயலில் சிக்கியது. கப்பலைக் காப்பாற்றப் பெரிய பாய்மரத்தையே வெட்டி விட வேண்டியதாயிற்று. புது மரம் போட அமைதியான ஒரு துறை தேவை. கொட்டியாரக் குடாவுக்குப் போகச் சொல்லிக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பியது. திருகோணமலைக்கு எதிர்க்கரையில், மூதூர் இருக்கும் அதே குடாதான். அப்போது அந்தக் கரை கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்சியில் இருந்தது.

கப்பலின் கப்டன் பெயர் ரொபர்ட் நொக்ஸ். கூட வந்த மகனுக்கும் அதே பெயர், வயது 19. 1660 ஏப்ரலில் அரசனின் ஆட்கள் கரையிறங்கியவர்களைப் பிடித்தார்கள். கப்டன் ஒரு புளியமரத்தடியில் பிடிபட்டார் என்பது ஊர்ப் பேச்சு. 1893இல் அங்கே ஒரு நினைவுக்கல்லும் நாட்டினார்கள். பிடிபட்ட பிறகு மகனைச் செய்தி சொல்லக் கப்பலுக்கு அனுப்பினார்கள். கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்வதுதான் அரசனின் ஆட்கள் கொடுத்த வேலை. மகன் போனார். கப்பலைக் கொண்டுவர வேண்டாம் என்று அங்கிருந்தவர்களுக்கு விளங்கப்படுத்தினார். அப்படியே கப்பலோடு தப்பிப் போயிருக்கலாம். ஆனால் தகப்பனுக்குத் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் திரும்பிக் கரைக்கே வந்தார். அந்த ஒரு வாக்குக்காக அவர் கொடுத்த விலை பத்தொன்பதரை வருடம்.

தகப்பனையும் மகனையும் உள்நாட்டுக்குள் கொண்டுபோய், இன்றைய குருநாகல் பக்கத்தில் பண்டாரக் கொஸ்வத்த என்ற ஊரில் வைத்தார்கள். அவர்களிடம் இருந்தவை இரண்டு புத்தகங்கள். ஒன்று லூயிஸ் பெய்லி எழுதிய 'பக்திப் பயிற்சி'. மற்றது ரிச்சர்ட் ரோஜர்ஸின் 'கிறிஸ்தவப் பயிற்சி'. இரண்டின் தலைப்பிலும் 'பயிற்சி' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கோ. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சாதாரண வீடுகளில் புழங்கிய நூல்கள் இவை. காலையில் எழும்பினால் எப்படிச் செபிப்பது, சாப்பாட்டுக்கு முன் என்ன நினைப்பது, நோய் வந்தால் மனதை எப்படி வைத்திருப்பது என்று நாளை நாளாகப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பவை.

இன்னொரு சிறையையும் இங்கே சொல்ல வேண்டும். நொக்ஸ் மூதூரில் பிடிபட்ட அதே 1660இல், நவம்பர் மாதம், இங்கிலாந்தின் பெட்போர்ட் பகுதியில் ஜோன் பன்யன் என்ற பாத்திரத் தொழிலாளி அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பிடிபட்டார். 12 வருடச் சிறை. அவருடைய முதல் மனைவி கலியாணமாகி வந்தபோது கொண்டுவந்த சீதனம் இரண்டு புத்தகங்கள். அதில் ஒன்று இதே 'பக்திப் பயிற்சி'. பன்யன் பின்னால் எழுதி 1678இல் வெளிவந்த நூல்தான் தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்று எங்கள் வீடுகளுக்கு வந்தது. அதைத் தழுவித்தான் திருநெல்வேலிக்காரரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தைப் பாடி 1894இல் வெளியிட்டார். ஆக, மூதூரில் பிடிபட்டவர் கையில் இருந்த புத்தகத்துக்கும் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்துக்கும் இடையில் ஒரு சுற்றுவழி உறவு இருக்கிறது.

பிடிபட்டு ஒரு வருடம் நிறைவதற்குள், 1661 பெப்ரவரியில், தகப்பன் காய்ச்சலில் இறந்துபோனார். மகனும் அதே குளிர்காய்ச்சலில் கிடந்தார். அடக்கம் செய்ய ஊராரிடம் உதவி கேட்டபோது, மாடு கட்டும் கயிற்றோடு வந்தார்கள், இழுத்துக்கொண்டுபோய்க் காட்டில் விட. மகனுக்கு மனம் கேட்கவில்லை. கூலிக்கு ஆள் பிடித்துத்தான் தகப்பனைப் புதைத்தார். அதன் பிறகு அவருக்குப் பேச்சுத்துணை என்று இருந்தவை அந்த இரண்டு புத்தகங்களும்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போய், மரத்தடியில் இருந்து பொழுதுபடும்வரை வாசிப்பார். திரும்பத் திரும்ப வாசித்துக் கிட்டத்தட்ட மனப்பாடமே ஆகிவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். உயிரை எடுத்துவிடு என்று கடவுளிடம் கேட்ட நாட்களும் இருந்தன என்பதையும் அவர் மறைக்கவில்லை.

மூன்றாவது புத்தகம் வந்தது ஒரு பெடியனால். பறங்கிப்பேட்டையிலிருந்து தகப்பன் தனக்கு வேலைக்காரனாகக் கூட்டிவந்த பெடியன் அவன். ஒருநாள் நொக்ஸ் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வழியால் வந்த ஒரு கிழவர், "உன்ர எசமான் இங்கிலீசுப் புத்தகம் வாசிப்பாரோ?" என்ற மாதிரிப் பெடியனிடம் விசாரித்தார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த நேரம், அதாவது 1656இல், கிழவர் கையில் ஒரு புத்தகம் அகப்பட்டிருக்கிறது. பெடியன் போய்ப் பார்த்தான். ஆங்கிலேயரிடம் வேலை செய்து பழகியவன் என்பதால் உடனே அடையாளம் கண்டுகொண்டான். பைபிள் என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

நொக்ஸ் தூண்டிலை எறிந்துவிட்டு ஓடினார். கையில் வாங்கியதும் விரிந்தது அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம். இரட்சிக்கப்பட நான் என்ன செய்ய வேண்டும் என்று சிறைக்காவலன் பவுலிடம் கேட்கும் இடம். சிறைப்பட்டவர் கண்ணில் முதலில் விழுந்தது சிறைச்சாலைக் கதை. அவரிடம் இருந்ததோ ஒரே ஒரு வராகன். அதைக் கொடுத்துவிடத் துடித்தார். பெடியன்தான் தடுத்தான். அந்தக் காசு எத்தனையோ தேவைகளுக்கு வேணும், நீங்கள் பெரிதாக ஆசை இல்லாத மாதிரி இருங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றான். கடைசியில் பேரம் முடிந்த விலை, ஒரு பின்னல் தொப்பி!

1679 ஒக்டோபரில் நொக்ஸ் இன்னொரு கைதியோடு அருவியாற்றங்கரை வழியாக நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் லண்டனில் அவருடைய இலங்கை வரலாறு அச்சாகியது. 1719இல் டானியல் டீபோ எழுதிய 'ராபின்சன் குரூசோ'வுக்கு நொக்ஸின் அனுபவமும் ஒரு தூண்டுதல் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். அதிலும் தனித்தீவில் காய்ச்சலில் கிடக்கும் குரூசோ பெட்டிக்குள் ஒரு பைபிளைக் கண்டெடுக்கிறான்.

கதை இங்கே முடிந்தால் நல்ல ஞாயிற்றுக்கிழமைப் பாடமாக இருந்திருக்கும். முடியவில்லை. ஊர் திரும்பிய நொக்ஸ் மறுபடி கம்பெனியின் கப்டன் ஆனார். 1680களில் மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கி செயின்ட் ஹெலினாத் தீவுக்குக் கொண்டுபோகும் வேலையை ஏற்றுக்கொண்டார். பத்தொன்பதரை வருடம் தன் விருப்பத்துக்கு மாறாக அடைபட்டிருந்தவர், சிறையில் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர், மற்ற மனிதரை விலைகொடுத்து வாங்கப் போனார்.

இதை எப்படி விளங்கிக்கொள்வது? அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோகலாம். எங்களுக்கு அது போதவில்லை. மூன்று புத்தகமும் அவருக்கு விரக்தியில் ஆறுதல் கொடுத்தன, பொறுமை கொடுத்தன, நம்பிக்கை கொடுத்தன. அது உண்மை, சின்ன விஷயமும் இல்லை. ஆனால் அவருடைய வாசிப்பு அவருடைய சொந்தத் துன்பத்தோடு நின்றுவிட்டது. சிறைக்காவலன் கேட்ட கேள்வியில் அவர் தன்னைக் கண்டார். மடகாஸ்கரில் வாங்கப்பட்டவர்களை அந்தச் சிறைக்குள் காணவில்லை. பைபிளைக் கண்டுபிடித்து, பேரமும் பேசி வாங்கிக்கொடுத்த பறங்கிப்பேட்டைப் பெடியனின் பெயர்கூட அவர் எழுதிய அந்தச் சம்பவத்தில் இல்லை. கிழவருக்கும் பெயர் இல்லை.

வாசிப்பு இன்னும் கொஞ்சத் தூரம் போகவும் முடியும். ஜோன் நியூட்டன் என்ற ஆங்கிலேய மாலுமி 1748இல் கப்பலில் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' வாசித்துக்கொண்டிருந்த நாட்களில் புயலில் சிக்கி மனம் திரும்பினார். அதற்குப் பிறகும் அடிமைக் கப்பல்களின் கப்டனாக இருந்தார். 1754இல்தான் கடலை விட்டார். அடிமை வியாபாரம் எவ்வளவு கொடியது, தானும் அதில் பங்காளி என்று அச்சில் ஒப்புக்கொண்டது 1788இல். வாசித்தது வாழ்க்கையின் அந்த மூலைக்குப் போய்ச்சேர 40 வருடம்.

சரி, எங்களுடைய பட்டியலுக்கு வருவோம். சுவிசேஷங்களில் மிகச் சிறியது மாற்கு, ஒரே இருப்பில் வாசித்துவிடலாம், அதிலிருந்து தொடங்குங்கோ. அடுத்து 'மோட்சப் பிரயாணம்', அம்மம்மா வீட்டு அலுமாரியில் இருந்தாலும் இருக்கும். பிறகு 'கிறிஸ்துநாதர் அனுசாரம்', ஒருநாளைக்கு ஓர் அதிகாரம் போதும். கடைசியாக, ஹிட்லரை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட டீட்ரிக் போன்ஹோஃபரின் சிறைக் கடிதங்கள். தன் நம்பிக்கை அடுத்தவன் உயிரோடு சம்பந்தப்பட்டது எண்டு விளங்கிய ஒருவரின் எழுத்து அது. நாலே நாலுதான். நொக்ஸைவிட ஒன்று கூட.

இவற்றை வாசிக்கும்போது, உங்களுக்கு ஆறுதல் தந்த பக்கத்துக்கு வந்ததும் ஒரு நிமிசம் நில்லுங்கோ. அந்தப் பக்கம் உங்கள் கைக்கு வர உதவியவர் யார், அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா எண்டு கேட்டுப்பாருங்கோ. வீட்டு வேலைக்கு வருகிறவராக இருக்கலாம், பஸ்சில் பக்கத்தில் இருக்கிறவராக இருக்கலாம். தெரியாவிட்டால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முதலில் போய்ப் பெயரைக் கேளுங்கோ.