லிதுவேனிய மொழியும் ஒரு சுற்றறிக்கையும்

பால்டிக் கடலோரம் லாட்வியாவுக்கும் போலந்துக்கும் நடுவே உள்ள சின்ன நாடு லிதுவேனியா. மக்கள் முப்பது லட்சத்துக்கும் குறைவு. அவர்கள் மொழியைப் பற்றி இப்போது எதற்கு என்பீர்கள். கீழே உள்ள சொற்களைப் பாருங்கள்.

நெருப்புக்கு உக்னிஸ். புகைக்கு தூமாய். கடவுள் தியெவஸ், பல் தந்திஸ், ஆண்பிள்ளை வீரஸ். அக்னி, தூமம், தேவன், தந்தம், வீரன் என்று நம் காதில் விழுந்த வடசொற்களின் சாயல் தெரிகிறதா? சமஸ்கிருதமும் லிதுவேனியமும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். தமிழ் வேறு குடும்பம். வடசொற்கள் இங்கே புழங்குவதால் நமக்கு அந்தச் சாயல் பிடிபடுகிறது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே பாட்டியின் பேத்திகள். லிதுவேனியப் பேத்தி பாட்டியின் நகைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். அதைப் பார்க்கத்தான் மொழியியல் அறிஞர் சொசூர் 1880-ல் அந்த நாட்டுக்கே போனார்.

உச்சரிப்பு நமக்குப் பாதி சுலபம். குறில், நெடில் அங்கேயும் உண்டு. 'ஒய்' எழுத்து நெடில் ஈ. 'ஈ' என்ற ஆங்கில எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் ஏ. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, 'எத்தே' என்று கோடைக்குச் சொல்வோமே, அதில் வரும் ஒலியைக் கொஞ்சம் இழுத்தால் சரியாக வருகிறது. சில உயிரெழுத்துகளுக்கு வால் உண்டு. முன்பு அவை மூக்கொலிகள். இன்று மூக்கு போய் நீளம் மட்டும் மிச்சம். எஸ், சி, ஸெட் மூன்றுக்கும் தொப்பி போடுவார்கள், பிரெஞ்சுத் தொப்பியைக் கவிழ்த்தாற்போல. போட்டால் ஷ, ச்ச, பிறகு 'போன்ழூர்' சொல்லும்போது வரும் மெல்லிய ழூ. நன்றி சொல்ல 'ஆச்சூ' என்றால் போதும். தும்மல் என்று நினைக்கமாட்டார்கள்.

மற்ற பாதி கடினம். அழுத்தம் எந்த அசையில் விழும் என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 'அவுக்ஷ்தஸ்' என்பதில் குரல் இறங்கினால் உயரமானது, ஏறினால் கட்டடத்தின் மாடி.

இந்த எழுத்துகளுக்கு ஒரு காலத்தில் தடை இருந்தது. நாடு ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தபோது 1863-ல் கிளர்ச்சி வெடித்தது. மறுவருஷம் வில்னாவின் ஆளுநர் முராவியோவ், லத்தீன் எழுத்தில் லிதுவேனியம் அச்சிடக் கூடாது என்றார். 1865-ல் உள்துறை அமைச்சர் வலூயெவ் அதையே சுற்றறிக்கையாக எல்லா இடத்துக்கும் அனுப்பினார். ரஷ்ய எழுத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம். அரசாங்கமே அப்படிப் புத்தகம் போட்டது, ஜனங்கள் தொடவில்லை.

எல்லைக்கு அப்பால் பிரஷ்யாவில், தில்சித் போன்ற ஊர்களில் அச்சாகி, மூட்டையிலும் வைக்கோல் வண்டியிலும் புத்தகங்கள் வந்தன. சுமந்தவர்கள் பெரும்பாலும் குடியானவர்கள். பிடிபட்டால் சிறை, சைபீரியா. பிஷப் வலஞ்சியுஸ் தொடக்கத்தில் பணமும் ஏற்பாடும் செய்தார். யூர்கிஸ் பியெலினிஸ் என்பவர் பல வருஷம் சுமந்தார்; அவர் பிறந்த மார்ச் 16 இன்று புத்தகம் சுமந்தோர் நாள். அந்தத் தொப்பி எழுத்துகளும் இந்தத் தடைக்காலத்தில்தான் பரவின. போலந்துப் பாணியில் இரண்டெழுத்து சேர்த்து எழுதியதை விட்டு, செக் மொழியிடம் வாங்கிக்கொண்டார்கள். தடை செய்த எழுத்தைத் திருத்திக்கொண்டும் இருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆயுசு முழுக்க சுற்றறிக்கைகளைக் கோப்பில் சேர்த்தவன் நான். எனவே அடுத்த செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மச்சியௌஸ்காஸ் என்ற பொறியாளர் 1900-ல் லத்தீன் எழுத்தில் ஒரு வரைபடம் அச்சிட்டார். பறிமுதல் செய்தார்கள். அவர் வழக்குப் போட்டார். பேரரசின் செனட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: தடைக்குச் சட்ட ஆதாரமே இல்லை! சுமார் நாற்பது வருஷம் மனிதர்களைச் சைபீரியாவுக்கு அனுப்பியது ஒரு வெறும் சுற்றறிக்கை. 1904-ல் தடை நீங்கியது.

1993-ல் அடித்த ஐந்து லிதாஸ் நோட்டில் ஒரு பக்கம் இலக்கண ஆசிரியர் யப்லோன்ஸ்கிஸ். மறுபக்கம் ராட்டையில் நூற்றபடியே பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஒரு தாய்; சிற்பி ரிம்ஷா செய்த சிலை அது. 2015-ல் யூரோ வந்தது, லிதாஸ் போயிற்று.