கோவை வெரைட்டி ஹால் வரலாறு

ஓர் ஊரின் வரலாறு கோயிலாலும் கோட்டையாலும் மட்டும் ஆவதன்று. மக்கள் நாடோறுங் கூடிய சந்தையும், சாவடியும், நாடகக் கொட்டகையும் அவ்வரலாற்றின் உறுப்புகளேயாம். சாசனமுடையவற்றை அறிஞர் நாடிச் சென்று காக்கின்றனர். சாசனமில்லாதனவோ ஒரு தலைமுறைக்குள் மறைந்தொழிகின்றன. அங்ஙனம் மறைந்தனவற்றுள் ஒன்றாகிய கோயம்புத்தூர் வெரைட்டி ஹால் என்னும் படக்கொட்டகையின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அதனை எழுப்பியவர் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார். இவர் 1883-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரிற் பிறந்து, திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலகத்தே வரைபடமெழுதும் பணியில் அமர்ந்திருந்தவர். 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் படங்காட்டும் பொறியுடன் அந்நகருக்கு வந்து, நோயுற்றுத் தந்நாடு திரும்ப விழைந்தார். வின்சென்ட் அவர்பாற் பொறியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, நிலையான சம்பளத்தைத் துறந்து, ஊர்தோறும் கூடாரமடித்துப் படங்காட்டப் புறப்பட்டார். ஏசுநாதர் சரிதத்தைக் காட்டும் மௌனப்படம் அவர் கொண்டு சென்றனவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டளவில் நில்லாது, வடநாட்டும் பர்மாவினும் அவர் படங்காட்டி மீண்டனர்.

கூடாரம் மழைக்கும் காற்றுக்கும் ஆற்றாதது. அக்காலத்துப் படச்சுருளோ எளிதிற் றீப்பற்றும் இயல்பினது. மேலும், படம் தெளிவுறத் தோன்ற வலிய விளக்கொளி இன்றியமையாதது. இவற்றையெல்லாம் பட்டறிந்தவராதலின், அவர் 1914-ஆம் ஆண்டில் தம் சொந்த ஊரில் நிலையான கட்டடம் ஒன்றை நிறுவி, அதற்கு வெரைட்டி ஹால் எனப் பெயரிட்டார். பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பிறந்தது 1932-ஆம் ஆண்டிலேயாம். அதற்குப் பல்லாண்டு முன்னரே இக்கொட்டகை தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே ஆக்கிக் கொண்டது. வின்சென்ட் மின்விசையால் இயங்கும் அச்சகமும் மாவரைக்கும் ஆலையும் நடாத்தினார். ஆகவே, படங்காட்ட வந்த பொறி, அச்சுக்கும் ஆலைக்கும் வழிகாட்டியாயிற்று என்பது மிகையன்று.

1931-ஆம் ஆண்டில் பேசும்படம் தோன்றியபின், அவர் படத்தயாரிப்பிலும் புகுந்தார். டி.பி. ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணம் 1933-ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும்பொருள் ஈட்டிற்று. கோவையிற் சென்ட்ரல் ஸ்டூடியோ அமைந்த காலை, அம்முயற்சியிலும் அவர்க்குப் பங்குண்டு. 1942-ஆம் ஆண்டில் அவர் காலமானார். கொட்டகை பின்னர் டிலைட் என்னும் பெயர்பூண்டு நெடுங்காலம் நடைபெற்றுப் படக்காட்சி நின்று, 2020-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் இடிக்கப்பட்டது.

தென்னாட்டின் முதற் படக்கொட்டகை இதுவே என்பார் பலர். இக்கூற்று ஆராயத்தக்கது. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்னும் ஆங்கிலேயர் 1913-ஆம் ஆண்டிலேயே எலெக்ட்ரிக் தியேட்டரை நிறுவினர். 1914-ஆம் ஆண்டிற் சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினர். ஆதலின் வெரைட்டி ஹாலை, இந்நாட்டார் தம் முயற்சியால் எழுப்பிய முதற் கொட்டகைகளுள் ஒன்று எனலே பொருந்தும். உண்மைப் பெருமை உள்ளபோது, மிகைப் பெருமை எற்றுக்கு?

இம்மூன்றனுள் இன்று நிலைபெற்றிருப்பது எலெக்ட்ரிக் தியேட்டர் ஒன்றே. அஃதும் கலையன்பாற் காக்கப்பட்டதன்று. அஞ்சல் துறையார் அக்கட்டடத்தைக் கைக்கொண்டு பயன்படுத்தி வந்தமையானே பிழைத்தது. கெயிட்டியும் வெரைட்டி ஹாலும் விலைமிக்க நகர்நிலத்தில் நின்றன. வருவாய் குன்றியதும் நிலம் கட்டடத்தை வென்றது. பயன்பாடுள்ளதே நிற்கும் என்னும் இப்பாடம் பழங்கட்டடம் உடையார் அனைவரும் கருதத்தக்கது.

கோவையில் வெரைட்டி ஹால் ரோடு என்னும் தெருப்பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. அவ்வழிச் செல்லும் இளைஞர்க்கு அப்பெயரின் காரணம் தெரியாதாயின், பெயர் வெற்றொலியாய் முடியும். ஆதலின் அன்பர்காள்! நும் ஊரில் பழைய கொட்டகையோ, சத்திரமோ, பள்ளியோ இடிபடும் நாள் வருமுன், அதன் உருவத்தைப் படமெடுமின். அங்கே பணிசெய்த முதியோர் கூறுவனவற்றை எழுதிவைமின். துண்டு விளம்பரத்தையும் நுழைவுச் சீட்டையும் குப்பையிலிடாது பேணுமின். சுவரைக் காத்தல் எல்லார்க்கும் இயல்வதன்று. நினைவைக் காத்தல் யாவர்க்கும் இயலும்.