விசையின் ஒரே இயக்கம்

துப்பாக்கிக் கட்டுப்பாடு நிர்வாக ஆணையால் வரவேண்டுமா, சட்டத்தால் வரவேண்டுமா என்னும் அமெரிக்க விவாதம், 2024இல் ஒரு சொற்றொடரின் பொருள்கோளில் வந்து நின்றது.

விசையின் ஒரே இயக்கத்தில் தானாகவே பலமுறை சுடுவது இயந்திரத் துப்பாக்கி என்பது 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை. 2017 அக்டோபரில் லாஸ் வேகஸ் இசைவிழாவில் படுகொலை செய்தவன் கையாண்ட கருவி 'பம்ப் ஸ்டாக்'. பின்னுதைப்பால் துப்பாக்கி முன்னும் பின்னும் நகர, அசையாத விரலில் விசை மீண்டும் மீண்டும் மோதும். இதைத் தடைசெய்ய செனட்டில் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை. 2018 டிசம்பரில் டிரம்ப் நிர்வாகம் பழைய வரையறைக்குள் இக்கருவியும் அடங்கும் எனப் பொருள்கண்டு, விதியொன்றால் தடைசெய்தது. துப்பாக்கிகளை ஒழுங்குபடுத்தும் பணியகமோ 2010இல் அடங்காது என்றே கூறியிருந்தது.

2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அவ்விதியை நீக்கியது. பெரும்பான்மையினர் விசையின் ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே எண்ணினர். மாறுபட்ட மூவர் சுடுபவரின் ஒரே செயலைக் கண்டனர். காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தலாம் என்று தனியே எழுதினார் நீதிபதி அலிட்டோ.

ஆணை விரைந்து வரும். ஆயின் பிறர் எழுதிய சொல்லை அது விளக்க இயலுமேயன்றி மாற்ற இயலாது. மாற்றும் உரிமையுடைய அவையில், அதே மாதம் தடைமசோதாவுக்குக் கோரப்பட்ட ஒருமித்த இசைவு ஒருவரின் மறுப்பால் வீழ்ந்தது.