பெல்ஜியம் கணக்கும் கொங்குத் தொப்பையும்

சரவணம்பட்டி ஐடி ஆபீஸ்ல வருஷாந்திர மெடிக்கல் செக்கப் போறவங்க, ஜிம்முல புதுசா சேர்றவங்க, இன்சூரன்ஸ் எடுக்கிறவங்கன்னு எல்லாருக்கும் ஒரு நம்பர் தர்றாங்க: பி.எம்.ஐ. உங்க எடையைக் கிலோவுல எடுத்து, உயரத்தை மீட்டர்ல எடுத்து, எடையை உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா அதுதான். 170 சென்டிமீட்டர் உயரம், 65 கிலோன்னா 22.5. ரிப்போர்ட்ல 'நார்மல்'னு வரும். நிம்மதியா மடிச்சு வெச்சிருவோம். அந்த நிம்மதியை நம்பலாமா? இந்த நம்பரோட கதை தெரிஞ்சா பதிலும் தெரியும்.

இதுக்கு அடிப்படை போட்டவர் டாக்டர் இல்லை. அடால்ஃப் கெட்லேன்னு ஒரு பெல்ஜியம்காரர். வானியல் படிச்சவர், புள்ளிவிவரத்துல கெட்டிக்காரர். நட்சத்திரத்தை அளக்கிற கணக்கை மனுஷங்க மேல போட்டுப் பார்த்தார். 1835-ல வந்த அவரோட புத்தகத்துல 'சராசரி மனிதன்'னு ஒரு கருத்தை முன்வைச்சார். வளர்ந்தவங்களோட எடை, உயரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடுதுன்னு கவனிச்சார். அவர் தேடினது ஒரு கூட்டத்தோட சராசரியை. யாருக்குச் சக்கரை வரும், யாருக்கு மாரடைப்பு வரும்னு அவர் யோசிக்கவே இல்லை.

1972-ல அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதே கணக்கைத் தூசி தட்டி எடுத்தார். 'பாடி மாஸ் இண்டெக்ஸ்'ங்கிற பேர் அப்பதான் வந்தது. அஞ்சு நாட்டுல 7,424 பேரை வெச்சுப் பல கணக்குகளை ஒப்பிட்டார். இருக்கிறதுல இதுதான் சுலபம், பரவாயில்லைன்னு முடிவுக்கு வந்தார். அத்தனை பேரும் ஆண்கள். அஞ்சு நாட்டுல இந்தியா இல்லை.

நம்ம உடம்புக்கு இது ஒத்துவருதான்னு கேட்டது புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக். 2004-ல அவரும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் தங்களையே அளந்து, ஒரு போட்டோவோட 'லான்செட்' இதழ்ல போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலா 22.3. யுட்கின் உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடம்புல 21.2 சதவீதம். நம்பர் ஒண்ணு, உடம்பு வேற. தராசுக்குத் தசை எது, கொழுப்பு எதுன்னு தெரியாது. அந்தக் கொழுப்பு வயித்துல இருக்கா, தொடையில இருக்கான்னும் தெரியாது. அதனாலதான் கட்டுமஸ்தான கபடி வீரரை 'அதிக எடை'ன்னு சொல்லும், தொப்பை போட்ட ஒல்லிப் பையனை 'நார்மல்'னு சொல்லும்.

அதே 2004-ல உலக சுகாதார அமைப்போட நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 25-க்குக் கீழேயே ஆபத்து ஆரம்பிக்குதுன்னு சொன்னது. 2009-ல இந்திய மருத்துவர்கள் 23 வந்தாலே அதிக எடை, 25 வந்தா உடல் பருமன்னு கோட்டைக் கீழே இறக்கினாங்க.

இதுல நம்ம ஊருக்கு என்ன? கொங்குப் பக்கம், "மெலிசா இருக்கான், காட்டு வேலை செய்யறான், அவனுக்கெங்க சக்கரை வரப்போகுது"ன்னு சொல்றது சகஜம். ஈரோடு மாவட்டத்துல நல்லாம்பட்டின்னு ஒரு விவசாயக் கிராமம். கோயம்புத்தூர் கே.எம்.சி.ஹெச். மருத்துவமனை டாக்டர்கள் அங்க போய் 20 வயசைத் தாண்டினவங்களைப் பரிசோதிச்சாங்க. 2017-ல முடிவு வெளியாச்சு. பாதிக்கும் மேல ஆட்களுக்குச் சக்கரையோ, சக்கரைக்கு முந்தைய நிலையோ இருந்தது. கிட்டத்தட்ட 40 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம். மால் இல்லாத, ஐடி பார்க் இல்லாத ஊரு அது. ஆளைப் பார்த்து எடை போடுற பழக்கம் எவ்வளவு ஆபத்துன்னு எனக்குப் புரிய வெச்சது இந்த ஆய்வுதான்.

சரி, வேற வழி? அதுவும் தமிழ்நாட்டுலயே இருக்கு. 2005-ல சென்னையில டாக்டர் வி. மோகன் குழு, இந்தியர்களுக்கான சர்க்கரை நோய் அபாய மதிப்பெண் ஒண்ணு உருவாக்கினாங்க. அதுல நாலே கேள்வி: வயசு, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, அப்பா அம்மாவுக்குச் சக்கரை இருக்கா. மொத்தம் 100-க்கு 60 வந்தாலே அபாயம் அதிகம். கவனிச்சீங்களா? எடை மிஷினுக்கு அதுல வேலையே இல்லை.

அதுக்காக பி.எம்.ஐ.யைக் குப்பையில போடச் சொல்லலை. ஒரு மாவட்டத்துல எத்தனை பேர் போதிய சத்தில்லாம மெலிஞ்சிருக்காங்கன்னு பார்க்க, 18.5-க்குக் கீழே எத்தனை பேர்னு எண்ணுவாங்க. அதுக்கு இது மலிவான கருவி. கெட்லே செஞ்சதும் கூட்டத்துக்கான கணக்குதான். அதைத் தனி ஆளுக்குக் கொடுக்கிற சர்டிஃபிகேட்டா மாத்தினதுலதான் சிக்கல்.

அதனால இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. தையல் டேப் எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்போட மேல் விளிம்புக்கும் நடுவுல, மூச்சை வெளியே விட்டு அளந்து பாருங்க. பேண்ட் சைஸ் கணக்குல வராது, நாம பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழேதானே கட்டறோம்! ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தொட்டுட்டா, பி.எம்.ஐ. என்ன சொன்னாலும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிருங்க. வீட்டுல ஒல்லியா இருக்கிற அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாமுங்க.