கயிறும் கித்தானும்

சென்னை ராஜதானியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் கோட்டையிலும் நீதிஸ்தலத்திலும் மாதா கோயில்களிலும் கவர்னர் மாளிகையிலும் தங்கள் கவனத்தைச் செலுத்தி, கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழும்பியவற்றையே ஆட்சியின் அடையாளங்களாகக் கண்டார்கள். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ராஜதானியின் நிலவரி தணிக்கையானதும், எல்லைகள் அளக்கப்பட்டதும், எண்ணற்ற மனுக்கள் விசாரிக்கப்பட்டதும், படைகள் இரவு கழித்ததும் துணிக் கூரையின் கீழேதான் என்பதை நினைக்கும்போது, கித்தானும் கயிறும் முளையுமாகச் சுருட்டி மாட்டு வண்டியில் ஏற்றிச் செல்லத் தக்க அந்த நடமாடும் கச்சேரிக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டென்பது விளங்கும். அதைச் சொல்வதற்கு ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே நீளும் கடற்கரையைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை. ஏனெனில், ஆணியை நம்பாமல் கயிற்றுக் கட்டுகளை நம்பி வாழ்ந்த ஜனங்களின் கரை அது.

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. 1870-களில் அலைதாங்கிச் சுவர்களின் வேலை தொடங்கி, 1881-ம் வருஷத்துப் புயலில் அவை சிதைந்து, மறுபடியும் கட்டப்பட்ட காலம் வரையில், கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, மனிதரும் மூட்டைகளும் மசூலா படகுகளில் ஏறி அலை கடந்தே கரை சேர வேண்டியிருந்தது. அந்தப் படகில் இரும்பாணி ஒன்றும் இராது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்குகளில் வைக்கோலும் நாரும் திணித்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலையில் மோதிப் பிளந்துபோகும் இடத்தில், தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். கட்டுமரமோ முழுவதும் கட்டினாலேயே ஆனது. வேலை முடிந்ததும் அவிழ்த்து உலர்த்தி, மறுநாள் மறுபடியும் பிணைத்துக்கொள்ளத் தக்கது. இந்தக் கரையில் துணிக்கும் பஞ்சமில்லை. 1717 முதல் 1720 வரையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர், அவர் பெயர் மருவிக் காலடிப்பேட்டையாகித் திருவொற்றியூரை ஒட்டி இன்றும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கும்பினியார் ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்தவர்களின் வண்ணாரப்பேட்டையோ ராயபுரத்துக்கு அண்டை. துணியும் கயிறும் அலையும் காற்றும் ஒருங்கே பழகிய இப்பிரதேசத்தின் வழியாகத்தான் கும்பினியாரின் படைச் சாமக்கிரியைகள் பெரும்பாலும் வந்திறங்கின.

இனிக் கூடாரத்தின் அமைப்பைச் சற்று விஸ்தாரமாகப் பார்ப்போம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒற்றைத் துணிக் கூடாரம் நம் நாட்டு வெயிலுக்குச் சற்றும் ஆகவில்லை. அதனுள் பகலில் உட்கார்ந்திருப்பதும் வெளியே வெயிலில் நிற்பதும் ஒன்றே. மொகலாயர் காலத்திலிருந்தே இந்த தேசத்தில் வழங்கிவந்த யுக்தியைக் கும்பினி உத்தியோகஸ்தர்களும் கைக்கொண்டார்கள். கூரையை இரண்டு அடுக்காக்கி, மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவே காற்று ஓடுவதற்கு இடைவெளி விட்டு, மேல் துணி உஷ்ணத்தை ஏற்க, நடுவில் ஓடும் காற்று அதை வாரிக்கொண்டு போக, கீழ்த் துணிக்கு நிழல் மாத்திரமே மிஞ்சும்படி செய்வதுதான் அந்த யுக்தி. சுற்றுச் சுவராகத் தொங்கும் கனாத்து கூரையோடு நிரந்தரமாகச் சேர்த்துத் தைக்கப்படாமல், மாட்டவும் சுருட்டவும் கழற்றவும் தக்கதாக இருக்கும். காற்று வேண்டும் பக்கம் அதைத் தூக்கிக் கட்டினால் கூடாரமே தாழ்வாரமாகும். கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தைத் தணிப்பதற்காக உட்புறம் சாயத் துணி வைத்துத் தைப்பதும் உண்டு. பட்டாளத்தில் கூடாரங்களை எடையாலேயே வகைப்படுத்தி நாற்பது பவுண்டு, எண்பது பவுண்டு, நூற்றறுபது பவுண்டு என்று குறிப்பிட்டார்கள். சுமக்கும் மாட்டையும் ஒட்டகத்தையும் கோவேறு கழுதையையும் முன்னிட்டுச் செய்த ஏற்பாடு அது.

ஆனால், நல்ல கூடாரம் வாங்குவதைவிட நல்ல இடம் பார்ப்பது கடினம். முகாமுக்கு ஸ்தலம் தேர்வதில் தேர்ந்தவர்கள் முதலில் தண்ணீரைப் பார்ப்பார்கள். குடிப்பதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பெருகினால் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். வறண்ட ஆற்று மணல் மெத்தென்றிருந்தாலும், மேற்கே எங்கோ பெய்த மழை இரவோடிரவாக வந்து சேரக்கூடுமாகையால் அங்கே முளை அடிக்க மாட்டார்கள். கசிவுள்ள ஏரிக் கரையின் கீழ்ப்புறத்தையும் தவிர்ப்பார்கள். மாந்தோப்பும் இலுப்பைத் தோப்பும் நிழலுக்கு உகந்தவைதாம் எனினும், பட்டுப்போன கிளையின் நேர் கீழே கூடாரம் கூடாது. மழை விட்டு நெடுநேரமான பின்பும் மரம் சொட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்கலாகாது. கறையான் புற்றுள்ள நிலத்தில் விரித்த கித்தான் சில இரவுகளில் சல்லடையாகும். அடுத்தாற்போலக் காற்று. நம் கரையில் சித்திரை, வைகாசியில் காலை வேளை மேற்கிலிருந்து வறண்ட நிலக்காற்றும், நண்பகலை ஒட்டிக் கடற்காற்றும் வீசும். ஐப்பசி, கார்த்திகையிலோ வாடையும் மழையும் வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே, கூடாரத்தின் அகன்ற பக்கத்தைப் பெருங்காற்றுக்குக் காட்டாமல், குறுகிய பக்கத்தை அதற்கு எதிராகத் திருப்பி, வாயிலைக் காற்றொதுங்கிய திசையில் வைப்பதே முறை.

கூடாரம் அடிப்பதற்கும் ஒரு கிரமம் உண்டு. துணியைத் தரையில் விரித்து, முகட்டுக் கழியை உள்ளே செலுத்தி, அதன் துளைகளில் இரு கம்பங்களின் இரும்பு முனைகளையும் பொருத்தி, இரு பக்கத்தாரும் ஒரே மூச்சில் நிமிர்த்துவார்கள். நிமிர்ந்ததும் முதலில் கட்ட வேண்டியவை நான்கு மூலைக் கயிறுகள். அவை நின்ற பிறகே பக்கக் கயிறுகள். கனாத்து மாட்டுவது கடைசி. முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகத் தலை சாயும்படி கொட்டாப்புளியால் அறைவார்கள். நேராக அறைந்த முளை இழுவிசைக்குத் தாங்காமல் பிடுங்கிக்கொள்ளும். எண்ணூர்ப் பக்கத்தைப் போன்ற கடற்கரை மணலிலோ எந்த முளையும் நிலைக்காது. அங்கே மணல் நிரப்பிய கோணியையோ விறகுக் கட்டையையோ குழி தோண்டிப் புதைத்து அதில் கயிற்றைப் பிணைக்க வேண்டும். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, மழைத் தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓட வழி செய்வார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மழை வரும்போது கயிற்றைத் தளர்த்துவது. சணல் கயிறும் பருத்திக் கயிறும் நனைந்தால் சுருங்கும். மாலையில் விறைப்பாகக் கட்டிவிட்டு உறங்கியவன், நள்ளிரவில் முளை பிடுங்கியோ துணி கிழிந்தோ கூரை தன்மேல் விழக் காண்பான். பருத்தி நூல் நனைந்து பருத்துத் தன் இடுக்குகளைத் தானே அடைத்துக்கொள்வதால் மழை உள்ளே இறங்குவதில்லை. ஆயினும், அச்சமயம் உட்புறத்தை விரலால் தொட்டால் தொட்ட இடத்திலிருந்து ஒழுகத் தொடங்கும். ஈரக் கித்தானைச் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். இவற்றையெல்லாம் அறிந்திருந்தவர்கள் கலாசிகளும் லஸ்கர்களுமே. கப்பலில் பாய்மரக் கயிறு இழுத்தவர்களுக்கு வழங்கிய அதே பெயர்களால் பட்டாளத்திலும் சர்வே இலாகாவிலும் கூடாரம் அடித்தவர்களையும் அழைத்ததில் ஆச்சரியமில்லை. இரண்டும் ஒரே வித்தை.

அந்த வித்தையின் மேல் எவ்வளவு பெரிய சாஸ்திரம் நின்றது என்பதற்கு வில்லியம் லாம்டனின் நில அளவையே சாட்சி. 1802-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவர் பரங்கிமலை அருகே தம் ஆதாரக் கோட்டினை அளக்கத் தொடங்கி, ஏழரை மைல் தூரத்தை நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் நானூறு தடவை தொடர்ந்து வைத்து மே மாதத்தில் முடித்தார். நூறடி எஃகு, வெப்பம் பாரன்ஹீட் ஒரு பாகை ஏறினால், அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீளும். சென்னையின் சித்திரை வெயிலில் இது அற்பமன்று. ஆகவே, சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, உஷ்ணமானிகளைப் பக்கத்தில் வைத்துக் கணக்கைத் திருத்தினார். கோணங்களை அளக்க இங்கிலாந்தில் செய்த அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பிரெஞ்சுக்காரர் கடலில் கைப்பற்றி மொரீஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகச் சென்னைக் கவர்னருக்கு அனுப்பிவைத்த கதை பிரசித்தம். அதன் பின் இருபது வருஷ காலம் லாம்டனுக்குக் கூடாரமே வீடும் காரியாலயமும் ஆயிற்று. 1823-ல் ஹிங்கன்காட் என்னுமிடத்தில் முகாமிலேயே அவர் உயிர் நீத்தார். அவர் தொடங்கிய முக்கோண அளவை வலை வடக்கே இமயம் வரை விரிந்ததன் பலனாக, 1856-ம் வருஷம் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பிற்காலத்தில் மலையேறிகள் அச்சிகரத்தின் அடிவாரத்தில் முகாமிட்டார்கள் என்றால், அதற்கு வெகு காலம் முன்பே பரங்கிமலையின் அடிவாரத்தில் ஒரு முகாம் நின்றிருக்கிறது.

சிவில் உத்தியோகஸ்தர்களின் கூடார வாழ்க்கை வேறு வகையானது. பாராமகாலில் 1792 முதல் நிலவரித் திட்டம் வகுத்த தாமஸ் மன்றோ, கவர்னரான பின்பும் சுற்றுப்பிரயாணத்தை விடாமல், 1827-ல் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு பிரயாணத்தின் நடுவிலேயே காலமானார். அவர் வகுத்த ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவனோடும் சர்க்காருக்கு நேர்த் தொடர்பு உண்டாகையால், கலெக்டர் கிராமந்தோறும் போகாமல் நிர்வாகம் நடவாது. ஜமாபந்திக் காலத்தில் துரைக்கு இரண்டு ஜதைக் கூடாரம் இருக்கும். ஒன்றில் அவர் இரவு தங்கியிருக்கையிலேயே மற்றொன்று வண்டியேறி அடுத்த ஊருக்குப் போய், விடிந்து அவர் குதிரையில் வந்திறங்கும்போது மேஜை நாற்காலியோடு தயாராக நிற்கும். அந்தச் சௌகரியத்தின் பளுவோ ஊரார் தலையில் விழுந்தது; வைக்கோலும் விறகும் பானையும் வண்டியும் ஆளும் கேட்டபோது கொடுக்க வேண்டியிருந்தது. கூடாரத்தில் உட்கார்ந்து எழுதியவர்களின் பெயர் கெஜட்டியரில் இருக்கிறது. அதை நிறுத்தியவர்களின் பெயர் எதிலும் இல்லை.

எவரெஸ்ட் உயரம் வெளியான அதே 1856-ம் வருஷத்தில், லார்டு ஹாரிஸ் கவர்னராயிருக்கையில், ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடத் தொடங்கிற்று. வெளியூர் சென்ற உத்தியோகஸ்தன் ஸ்டேஷனை அடுத்த பங்களாவில் தங்கவும், பின்னர் மோட்டாரில் அன்றைக்கே திரும்பவும் வசதி ஏற்பட்டபோது கூடாரத்தின் கௌரவம் மங்கியது. அதைத் தைக்கும் தொழிலும் கான்பூரின் எல்கின், மியூர் முதலிய ஆலைகளின் வசமாயிற்று. பெரம்பூரில் 1876-ல் ஏற்பட்ட பக்கிங்காம் ஆலையும் 1881-ல் ஏற்பட்ட கர்நாடிக் ஆலையும் சிப்பாயின் காக்கி உடுப்புக்குத் துணி நெய்து பெயர் பெற்றன. கூடாரம் ஜனங்களிடம் வந்து சேர்ந்தது வேறொரு வழியாக. 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே ஊழியர் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் சலனப்படக் கருவியை வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்றார். கலெக்டருடைய கித்தானின் வெளியே மனுவோடு காத்திருந்த குடியானவனின் பேரன், காலணா அரையணா கொடுத்து டெண்டு கொட்டகைக்குள்ளே சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

பழங்கதை என்று இதை மூடிவைப்பதற்கில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்து வடசென்னையின் மீனவர் குப்பங்களைக் குலைத்தபோது, வீடிழந்தவர்களுக்காகத் திருவொற்றியூரின் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகள் எழும்பின. தார் கலந்த தகடுகளால் ஒற்றைக் கூரை போட்ட அவ்வகைக் கொட்டகைகள் வெயிலில் கொதித்தன. தாழ்ந்த நிலமாகையால் மறு வருஷத்து மழையில் தண்ணீர் சூழ்ந்தது. இரட்டைக் கூரையின் பயனும், பள்ளம் பார்த்து விலகும் வழக்கமும், சுற்றிலும் வெட்டும் வாய்க்காலும் சர்க்கார் இலாகாக்களே இருநூறு வருஷமாகக் கையாண்ட சாதாரண அறிவு. துரைக்காக அதை மறவாதவர்கள் குடிகளுக்காக மறந்தது வருந்தத் தக்கது. தற்காலிகம் என்று சொல்லிவிட்டால் ஜாக்கிரதை வேண்டியதில்லை என்று எண்ணுவது பிழை. மூன்று நாள் நிற்கும் கூடாரத்துக்காக நிலத்தையும் நீரையும் காற்றையும் அவ்வளவு ஆராய்ந்த கலாசிகளிடம், பல மாதம் குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் வசிக்கவேண்டிய கொட்டகைக்கு இடம் பார்க்கச் சொல்லியிருந்தால், அவர்கள் அந்த நிலத்தில் ஒரு முளைகூட அறைந்திருக்க மாட்டார்கள்.