ஏலம் கூவும் வாய்க்காலும் விண்ணப்பம் கேட்கும் ஆறும்

ஓமானின் ஃபலஜ் வாய்க்கால்களையும் ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையையும் அருகருகே வைத்தால் எது பழையது, எது புதியது என்பதில் யாருக்கும் ஐயம் வராது. ஒன்று, மலையடியில் சுரங்கம் குடைந்து ஊற்றுநீரை ஊருக்குள் இறக்கும் நெடுங்கால மரபு. மற்றது, அணைகளும் மின்னணுப் பதிவேடுகளும் தரகர்களும் சேர்ந்து நடத்தும் சந்தை. பழையதில் கட்டுப்பாடு மிகுதியாக இருக்கும், புதியதில் விற்பதும் வாங்குவதும் தடையின்றி நடக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறு. ஓமான் கிராமத்தில் இந்த வாரத்து நீரை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க எந்த அரசு அலுவலகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய உரிமதாரரோ தம் கணக்கிலுள்ள நீரை விற்க விண்ணப்பம் எழுதி, கட்டணம் கட்டி, ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார்.

இந்தத் தலைகீழ் நிலைக்குக் காரணம் தேடுவதற்கு முன், இரண்டும் எவ்வளவு நெருங்கிய உறவு என்று பார்த்துவிடலாம். முதல் ஒற்றுமை, இரண்டுமே நீரை நிலத்திலிருந்து பிரித்துவிட்டன. ஃபலஜ் ஊர்களில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர் நீர்ப்பங்கு வைத்திருக்கலாம்; அதைப் பிள்ளைகளுக்கு விடலாம், விற்கலாம், பள்ளிவாசலுக்கு எழுதி வைக்கலாம். ஆஸ்திரேலியா இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது மிகச் சமீபத்தில்தான். 1994இல் மாநிலங்களும் மத்திய அரசும் செய்துகொண்ட உடன்பாடு வழி திறந்தது; 2004இன் தேசிய நீர் முன்முயற்சி அதை அகலப்படுத்தியது; விக்டோரியா மாநிலம் 2007 ஜூலையில் நீரையும் நிலத்தையும் சட்டப்படி பிரித்து எழுதியது. ஓமானில் பல தலைமுறையாகப் பழகிப்போன ஒன்றை ஆஸ்திரேலியா சீர்திருத்தம் என்று அறிவித்தது.

இரண்டாவது ஒற்றுமை இன்னும் நுட்பமானது. இரண்டு இடங்களிலும் நீர் இரண்டு அடுக்காக விற்கப்படுகிறது. அடியில் நிரந்தர உரிமை. மேலே, அந்த உரிமை இந்தப் பருவத்தில் அல்லது இந்த முறையில் ஈன்று தரும் நீர். மாந்தோப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அந்த ஆண்டுக் காய்ப்பை மட்டும் குத்தகைக்கு விடுவதைப் போன்றது இது. நிரந்தர உரிமை அபூர்வமாகத்தான் கை மாறும். மேலடுக்கு நீர் ஓயாமல் கை மாறும். ஆஸ்திரேலியப் பேச்சில் ‘ஒதுக்கீடு’ என்பது இந்த மேலடுக்கையே குறிக்கும். நாம் ஒப்பிட எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

அளக்கும் விதத்தில் இரண்டும் பிரிகின்றன. முர்ரே நீர் மெகாலிட்டரில் அளக்கப்படுகிறது. ஒரு மெகாலிட்டர் பத்து லட்சம் லிட்டர். ஃபலஜ் நீருக்கு அளவு நேரம். ஏறத்தாழ அரை மணி நேரம் ஓர் அதர். இருபத்து நான்கு அதர் சேர்ந்தால் ஒரு பத்தா, அதாவது அரை நாள். பகலில் நட்டுவைத்த கோலின் நிழலையும் இரவில் எழும் நட்சத்திரங்களையும் பார்த்து மடை திருப்பினார்கள். கைக்கடிகாரம் வந்தபின் அந்தக் கலை தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். ஆனால் இந்த வேறுபாட்டுக்கு அடியிலும் ஓர் ஒற்றுமை ஒளிந்திருக்கிறது. இரண்டு உரிமையும் அடிப்படையில் பங்குதானே தவிர, உறுதி செய்யப்பட்ட அளவு அல்ல. வறட்சியில் ஃபலஜ் மெலிந்தால் அரை மணி நேரம் அரை மணி நேரமாகவே இருக்கும், அதில் ஓடும் நீர் குறையும். யாரும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. முர்ரேயில் ஜூலை முதல் தேதி தொடங்கும் நீராண்டில், அணைகளின் இருப்பைப் பார்த்து, உங்கள் உரிமையில் இத்தனை விழுக்காடு இப்போது உண்டு என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டும். அங்கே உரிமைகளுக்குள் படிநிலையும் உண்டு: நியூ சவுத் வேல்ஸில் உயர் பாதுகாப்பு உரிமத்துக்கு முன்னுரிமை, பொதுப் பாதுகாப்பு உரிமத்துக்கு அதன் பிறகே. 2018-19இல் அம்மாநிலத்தின் முர்ரே பகுதியில் பொதுப் பாதுகாப்பு உரிமதாரர்களுக்கு அறிவிக்கப்பட்ட ஒதுக்கீடு பூஜ்யம். ஃபலஜின் நேரக் கணக்கு இந்த வகையில் இரக்கமுள்ளது. மெலியும்போது எல்லோரையும் சேர்த்தே மெலிய வைக்கிறது.

இனி விற்பனையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஃபலஜ் ஊரில் குறித்த நாளில், குறித்த இடத்தில் ஆட்கள் கூடுகிறார்கள். தலால் என்னும் ஏலக்காரர் வரும் சுற்றின் இன்ன பகல், இன்ன இரவு, இத்தனை அதர் என்று ஒவ்வொன்றாகக் கூவுகிறார். விலை ஏறி நிற்கும் இடத்தில் பெயர் குறிப்பேட்டில் ஏறுகிறது. பொருளாளர் கணக்கு வைக்கிறார். நீர் பங்கிடும் ஆரிஃப் அந்தப் பெயர்களின்படி மடையைத் திருப்புகிறார். நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்த வேலையேதான். பெரிய ஃபலஜ்களில் இவர்கள் எல்லோருக்கும் மேலே வக்கீல் என்றழைக்கப்படும் நிர்வாகி ஒருவர் உண்டு. கேட்பவர், விற்பவர், கேட்காமல் வேடிக்கை பார்ப்பவர் எல்லோருக்கும் விலை தெரியும்.

நியூ சவுத் வேல்ஸில் இதே காரியம் 2000ஆம் ஆண்டின் நீர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 71-டி என்ற பெயரில் நடக்கிறது. விற்பவரின் உரிம எண், வாங்குபவரின் உரிம எண், எத்தனை மெகாலிட்டர், மெகாலிட்டர் என்ன விலை, இருவரின் ஒப்பம். உரிமத்தில் கூட்டாளிகள் இருந்தால் அவர்களுடைய சம்மதமும் வேண்டும். அலுவலகம் பார்ப்பது சில கேள்விகளைத்தான்: விற்பவர் கணக்கில் இருப்பு இருக்கிறதா? இரண்டு உரிமங்களும் எந்தெந்த மண்டலத்தில் உள்ளன? அந்த மண்டலங்களுக்கிடையே இன்று நீரை நகர்த்த இடம் இருக்கிறதா? எல்லாம் சரி என்றால் ஒரு கணக்கில் கழித்து மறு கணக்கில் கூட்டுவார்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் பத்தில் ஒன்பது விண்ணப்பங்களை ஐந்து வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது அரசுகள் தமக்கு வைத்துக்கொண்ட இலக்கு. மாநில எல்லை தாண்டினால் பத்து நாள், தெற்கு ஆஸ்திரேலியா சம்பந்தப்பட்டால் இருபது. பயிர் வாடும்போது இருபது நாள் என்பது நீண்ட காலம்.

அப்படியானால் அலுவலகம் வேண்டாத வேலையைச் செய்கிறதா? அந்த மூன்றாவது கேள்வியில்தான் விடை இருக்கிறது. ஃபலஜில் நீர் கை மாறினாலும் வாய்க்கால் மாறுவதில்லை. திறக்கும் மடை மட்டுமே மாறுகிறது. பாதிக்கப்படக்கூடியவர்கள் அனைவரும் அதே வாய்க்கால்காரர்கள், பெரும்பாலும் அதே ஏலத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். முர்ரேயில் நீர் கை மாறினால் பல நூறு கிலோமீட்டர் இடமும் மாறக்கூடும். வழியில் பார்மா இடுக்கு என்று ஓரிடம் இருக்கிறது. பழங்காலத்தில் நிலம் உயர்ந்து ஆற்றை வளைத்துவிட்ட அந்த இடத்தில், யூக்கலிப்டஸ் காட்டுக்குள் வழியாமல் நாளொன்றுக்குச் சுமார் 9,000 மெகாலிட்டர்தான் போக முடியும். அதனால் இடுக்குக்கு மேலே உள்ளவர் கீழே உள்ளவருக்கு விற்க வேண்டுமானால், அதற்கு ஈடாகக் கீழிருந்து மேலே யாராவது விற்றிருக்க வேண்டும். ஆற்றில் நீர் எதிர்த்து ஓடாது. கணக்கில் மட்டும் எதிர்த்து ஓடி இடம் உண்டாக்குகிறது. இந்தச் சந்தையில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

விக்டோரியாவின் கோல்பர்ன் ஆற்றின் கதையோ வேடிக்கையானதல்ல. அந்தப் பள்ளத்தாக்கின் நீரை வாங்கிக்கொண்ட கீழ்முர்ரே விவசாயிகளுக்காகக் கோடை முழுவதும் ஆறு நிறைய நீர் அனுப்பப்பட்டது. இயற்கையில் கோடையில் தணிந்து ஓடும் ஆறு அது. கரைகள் அரிக்கப்பட்டன, கரையோரச் செடிகள் அழுகின. விக்டோரியா அரசு விதியைத் திருத்தி, ஆறு தாங்கும் அளவுக்கே விற்பனை என்று வரம்பு கட்டியது. ஆக, விண்ணப்பப் படிவத்தில் ஒப்பமிடுபவர்கள் இருவர் என்றாலும் உண்மையில் அதில் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு: ஏலத்துக்கு வர முடியாத ஆறும் அதன் கரையும் இடையிலுள்ள மற்ற விவசாயிகளும். ஃபலஜுக்கு விண்ணப்பம் தேவைப்படாததற்குக் காரணம், அங்கே மூன்றாவது தரப்பும் நேரில் வந்து உட்கார்ந்திருப்பதுதான்.

நேரில் இருப்பதால் கிடைக்கும் இன்னொரு நன்மை விலை வெளிச்சம். ஏலத்தில் விலையை மறைக்க முடியாது. ஆஸ்திரேலியப் படிவத்தின் விலைக் கட்டத்திலோ நெடுநாள் பூஜ்யம் எழுத முடிந்தது. குடும்பத்துக்குள் மாற்றிக்கொள்பவர்கள் நியாயமாகவே பூஜ்யம் எழுதினார்கள்; மற்றவர்களும் எழுதினார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 180 கோடி ஆஸ்திரேலிய டாலர் புரளும் சந்தை இது. அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, விலைத் தகவல் நம்பத்தக்கதாக இல்லை, தரகர்களைக் கண்காணிக்க ஆளில்லை என்று குறை கூறியது. 2023இல் வந்த சட்டத்திருத்தம் சந்தையை வளைப்பதற்குத் தடையும் தரகர்களுக்கு நடத்தை விதியும் கொண்டுவந்தது. தலாலின் குரல் இலவசமாகச் செய்துகொடுத்ததைச் சட்டம் போட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்த ஒப்பீட்டில் எதிர்பாராத உறவு சந்தைமுறையில் இல்லை, பயிரில் இருக்கிறது. ஃபலஜ் ஊரில் இரண்டு வகை நிலம் உண்டு. பேரீச்சைத் தோப்பு நிரந்தரம். அதற்கு அப்பால் ஆண்டுப் பயிர் விதைக்கும் நிலம் அவாபி. நீர் பெருகினால் அவாபி விரியும். வற்றினால் தரிசாகக் கிடக்கும், மரத்துக்கு மட்டும் நீர் போகும். ஒரு பருவம் விதைக்காவிட்டால் ஒரு பருவம்தான் நட்டம். மரம் பட்டுப்போனால் பல ஆண்டு நட்டம். எந்த ஃபலஜையும் கண்டிராத முர்ரே விவசாயிகள் சந்தை வழியாக இதே ஏற்பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அங்கே பேரீச்சையின் இடத்தில் பாதாமும் திராட்சையும். அவாபியின் இடத்தில் நியூ சவுத் வேல்ஸின் ரிவரீனா வட்டாரத்து நெல். 2007-08இல், மெகாலிட்டர் விலை ஆயிரம் டாலரையும் தாண்டிய உச்ச வறட்சியில், கையில் கொஞ்சம் நீர் இருந்த நெல் விவசாயிகள் பலர் விதைப்பதைவிட விற்பதே லாபம் என்று கண்டார்கள். நல்ல ஆண்டுகளில் பத்து லட்சம் டன்னைத் தாண்டும் நெல் அந்த ஆண்டு இருபதாயிரம் டன்னை எட்டவில்லை. அந்த வட்டாரத்தின் டெனிலிக்வின் அரிசி ஆலை மூடப்பட்டது; 2011இல்தான் மீண்டும் திறந்தது. தோப்பு பிழைத்தது, அவாபி காய்ந்தது.

ஒத்துப்போகும் இந்த இடத்திலேயே ஒரு கசப்பான வேறுபாடும் இருக்கிறது. ஃபலஜ் ஊரில் தோப்பும் அவாபியும் பெரும்பாலும் அதே குடும்பங்களுடையவை. காய்வதும் பிழைப்பதும் ஒரே வீட்டுக்குள். முர்ரேயில் பாதாம் தோட்டம் ஒரு நிறுவனத்துடையது, மூடிய ஆலையில் வேலை பார்த்தவர் வேறொரு ஊர்க்காரர். நீரை விற்ற விவசாயிக்குப் பணம் வந்தது. ஆலைத் தொழிலாளிக்கு விற்க எதுவும் இல்லை. மேலும், எவ்வளவு மரம் நடலாம் என்பதற்கு ஃபலஜின் குறைநீர் ஓட்டமே எல்லை. பாதாமுக்கோ ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 12 முதல் 14 மெகாலிட்டர் வேண்டும். கீழ்முர்ரேயில் அது பரவிக்கொண்டே போயிற்று. விட்டுக்கொடுக்கும் பயிரைவிட விட்டுக்கொடுக்காத பயிர் பெருத்துவிட்டால், விலை எவ்வளவு ஏறினாலும் விற்க ஆள் இருக்காது.

ஃபலஜைப் புகழ்ந்தே போய்விடக் கூடாது. அதன் ஒழுங்கு முழுவதும், நீருக்கு உரியவர்கள் எல்லோரும் ஏலத்தில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 1970களுக்குப் பின் மோட்டார் வந்தது. மலையடியில் ஒருவர் ஆழ்துளைக் கிணறு போட்டு இறைத்தால், ஃபலஜ் தொடங்கும் தாய்க்கிணற்றில் மட்டம் இறங்கும். அவர் ஏலத்துக்கு வருவதில்லை, அதரும் வாங்குவதில்லை. அங்கே தலாலின் குரல் எட்டவில்லை. தாய்க்கிணற்றிலிருந்து மூன்றரை கிலோமீட்டருக்குள் புதுக்கிணறு கூடாது என்று ஓமான் அரசு விதி செய்தது. கிணற்றுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றும் ஆயிற்று. ஆக, ஏலத்துக்கு வராத மூன்றாவது ஆள் தோன்றியதும் ஓமானும் விண்ணப்பப் படிவத்தைத்தான் கையில் எடுத்தது.

கடைசியாக ஒன்று: பொதுப்பங்கு. ஃபலஜின் நீரில் பள்ளிவாசலுக்கு, குர்ஆன் பள்ளிக்கு, ஃபலஜையே பழுது பார்ப்பதற்கு என்று தனிப்பங்குகள் உண்டு. ஏலத்துக்கு வரும் நீரில் பெரும்பகுதி இதுதான். ஏலப் பணத்தில் சுரங்கம் தூர் வாரப்படுகிறது. முர்ரேயில் உரிமங்கள் வழங்கப்பட்ட காலத்தில் இப்படி ஆற்றுக்கென்று எதையும் போதுமான அளவில் எடுத்துவைக்கவில்லை. பிறகு ஆற்றின் நலனுக்காக மத்திய அரசு பத்து லட்சம் மெகாலிட்டருக்கும் மேல் உரிமைகளை விவசாயிகளிடமிருந்து விலைக்கு வாங்க நேர்ந்தது. அந்த நதிக்கரையில் முதலில் வாழ்ந்த பழங்குடி மக்களுக்கும் எதுவும் வைக்கப்படவில்லை. நியூ சவுத் வேல்ஸுக்குட்பட்ட படுகையில் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் அவர்களின் அமைப்புகளிடம் இருப்பது மேற்பரப்பு நீரில் சுமார் 0.2 விழுக்காடு. அவர்களுக்கு நீருரிமை வாங்கித்தர மத்திய அரசு 2018இல் 4 கோடி டாலர் ஒதுக்கி, 2023இல் அதை 10 கோடியாக உயர்த்தியது. அந்தப் பணத்துக்கு வாங்க வேண்டியதும் அதே சந்தையில், இப்போதைய உரிமதாரர்களிடமிருந்துதான்.